கஸ் மோல்நாரின் சொல்

செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குத்தான் தேவாலயத்தின் நிலவறையில் ஹீட்டரைப் போடுவார்கள். கூட்டம் ஒன்பதேகாலுக்கு. அதனால் முதல் அரைமணி நேரம் யாரும் கோட்டைக் கழற்றுவதில்லை. ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல, காகிதக் கோப்பைகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் வேலை போனவர்கள்.

லோரெட்டா நோவாக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கார் கண்ணாடித் தொழிற்சாலையில் லாரிகளை அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். எந்த வாசலில் எந்த லாரி நிற்க வேண்டும், எந்த லாரியில் எந்தச் சரக்கு ஏற வேண்டும் என்பதைச் சொல்வது அவள் வேலை. செப்டம்பரில் தொழிற்சாலையை மூடினார்கள். இப்போது ஏப்ரல். மே மாதத்தோடு அரசாங்கத்தின் உதவித்தொகை நிற்கும். அதற்குப் பிறகு இந்த டொலீடோ நகரத்தில் வீட்டை வைத்துக்கொள்ள முடியாது. இண்டியானாவில் மகள் தன் வீட்டு நிலவறையில் ஒரு கட்டிலையும் விளக்கையும் போட்டு, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

கூட்டத்தை நடத்துபவர் பெர்னடெட் ஃபிஸ்க். ஒரு மருத்துவமனையில் ஆள் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் இதைச் செய்தார். அதனால் கண்டிப்பு அதிகம்.

"போன் வந்தா எழுந்து நில்லுங்க," என்றார். வாரா வாரம் சொல்வதுதான். "உட்கார்ந்து பேசினா குரல் வயித்துலயே தங்கிடும். நின்னு பேசுங்க. நீங்க யாரா ஆகணுமோ அந்த ஆளா ஆயிடுவீங்க."

"நான் நின்னுக்கிட்டுதான் பேசறேன்," என்றான் ஸ்டார்க்கி. "அந்தப் பக்கம் மிஷின்தான் பதில் சொல்லுது. அது உக்காந்துக்கிட்டுப் பேசுதோ என்னவோ."

சிலர் சிரித்தார்கள். ஸ்டார்க்கி அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அங்கே யாரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய முதல் பெயர் லோரெட்டாவுக்கு இந்த நிலவறைக்கு வந்த பிறகுதான் தெரியும். தெரிந்தும் கூப்பிட வாய் வரவில்லை.

பிறகு சுற்று தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து, அரை நிமிடத்துக்குள் நான் யார், என்ன தெரியும், இந்த வாரம் யாரைப் பார்த்தேன், என்ன உதவி வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கை தட்டுவார்கள். முதல் நாள் அந்தக் கைதட்டல் லோரெட்டாவுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றும்.

அவள் முறை வந்தது. எழுந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு இன்டர்வியூ போனேன். ஆஸ்பத்திரிச் சாமான் வெச்சிருக்கிற கிடங்கு. லாரி அனுப்பற வேலைதான். நல்லாப் பேசினாங்க. ரெஃபரன்ஸ் கேட்டாங்க. குடுத்துட்டு வந்தேன்."

"யாரைக் குடுத்தீங்க?"

"எங்க சூப்பர்வைசரை."

"அவருக்கு முதல்ல போன் போட்டீங்களா? இந்த இடத்திலேருந்து கூப்பிடுவாங்க, இன்ன வேலைன்னு சொன்னீங்களா?"

லோரெட்டா தலையை ஆட்டினாள்.

"நல்லது," என்றார் பெர்னடெட், எல்லோரையும் பார்த்து. "சொல்லாம ஒருத்தர் பேரைக் குடுக்காதீங்க. குடுத்த பேர்ல ஏதாவது பொய்யின்னு தெரிஞ்சா, சேர்ந்தப்புறம்கூட வெளிய அனுப்பிடுவாங்க. நான் அனுப்பியிருக்கேன்."

கை தட்டினார்கள். லோரெட்டா உட்கார்ந்தாள். அவள் கஸ் மோல்நாருக்குப் போன் போடவில்லை.

வேறு வழி இருந்திருந்தால் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கவும் மாட்டாள். தொழிற்சாலையை வாங்கிய கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல் ஒன்று சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் சொல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. ஆள் எடுப்பவர்களுக்கு மனிதக் குரல் வேண்டும். நேரத்துக்கு வருவாளா, சண்டை போடுவாளா, நம்பலாமா என்று யாராவது சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுவதும் அவளுடைய ஒவ்வொரு முயற்சியும் அந்த இடத்தில்தான் நின்றது. இருபத்திரண்டு வருடமும் அவளுக்கு ஒரே சூப்பர்வைசர்தான். மோல்நார்.

போன ஜூனில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அதைச் சொல்லத்தான் அவரிடம் போனாள். லாரிகளை அனுப்பும் சின்ன அறை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. "இரு லோரி," என்றார். "மூட மாட்டாங்க. இது என் சொல்." லோரி என்று அவளைக் கூப்பிட்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். அவள் இருந்தாள். கிடங்குக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் மூடினார்கள். இதை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவர் வாய்ச்சொல்லை நம்பிக் கிடைத்த வேலையை விட்டவள் என்று பெயர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை.

கடைசி நாள் மோல்நார் கேட்டருகே நின்று, வெளியே போன ஒவ்வொருவரிடமும் கை குலுக்கினார். லோரெட்டா தன் சாமான்களைப் பெட்டியில் போட்டு இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்தாள். அவர் கையை நீட்டினார். பெட்டியைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நேராகப் பார்த்தபடி தாண்டிப் போனாள். காரைக் கிளப்பிய பிறகு கண்ணாடியில் பார்த்தாள். வரிசை முடிந்துவிட்டிருந்தது. அவர் கை இறங்கவில்லை.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அவள் போன் ஒலித்தது. ஆஸ்பத்திரிச் சாமான் கிடங்கில் அவளைப் பேட்டி எடுத்த ஜோஸ்லின். மகளைவிடச் சின்னப் பெண். லோரெட்டா காரில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"உங்க ரெஃபரன்ஸ்கிட்ட நேத்து பேசிட்டேன்," என்றாள் ஜோஸ்லின். "இப்படி ஒருத்தர் பேசி நான் கேட்டதே இல்லை. இருபது நிமிஷம். பனி கொட்டின அன்னிக்கு நாலாம் வாசல்ல ஐஸ் உருகறதுக்காக நீங்க உப்பு மூட்டையைத் தூக்கின கதையெல்லாம் சொன்னார்."

"மோல்நாரா?"

"ஆமாம். கொஞ்சம் கரகரன்னு பேசறார். ஆனா மனசுலேருந்து பேசறார். அப்புறம் ஒண்ணு சொன்னார், எனக்குச் சரியாப் புரியல. 'அவளை ஒரு தடவை இருன்னு சொன்னேன். நீங்களும் அப்படிச் சொல்லிட்டுக் கைவிட்டுடாதீங்க'ன்னார். உங்களுக்குப் புரியுதா?"

லோரெட்டா காரின் கூரையில் கையை வைத்தாள். தகரம் சில்லென்று இருந்தது.

"புரியுது," என்றாள்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி. இவங்களை மறுபடியும் வேலைக்கு எடுப்பீங்களான்னு கேட்டாகணும், எங்க விதி. அதுக்குள்ள எனக்கு வேற கால் வந்துடுச்சு. மத்தியானம் அவரைக் கூப்பிட்டு அதையும் கேட்டுட்டா முடிஞ்சுது. உங்களுக்குத் திங்கட்கிழமை சேர முடியுமா?"

"முடியும்."

"அப்ப அவர் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

போனை வைத்த பிறகும் லோரெட்டா அங்கேயே நின்றாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. பக்கத்து வண்டிமேல் சாய்ந்து ஸ்டார்க்கி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன நோவாக், லாட்டரி விழுந்த மாதிரி நிக்கறே."

"கிடைச்சிடும் போல இருக்கு, ஸ்டார்க்கி. மோல்நார் நல்லாப் பேசியிருக்கார்."

"எந்த மோல்நார்?"

"எத்தனை மோல்நார் இருக்காங்க? கஸ்."

ஸ்டார்க்கி சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விளையாடாதே."

"என்ன விளையாட்டு? நேத்து அந்தப் பொண்ணு அவர்கிட்ட பேசியிருக்கா."

"நோவாக், கஸ்ஸை ஜனவரியில புதைச்சாச்சு. குளிர்ல உறைஞ்ச மண்ணு குழி வெட்ட இளகலைன்னு ரெண்டு நாள் தள்ளி வெச்சாங்க. சவப்பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தன்." அவன் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். "நீ வரலைன்னு எல்லாரும் கவனிச்சோம். கோபம் போலன்னு விட்டுட்டோம். பேப்பர்ல போட்டிருந்ததே, பாக்கலையா?"

பேப்பரை அவள் அக்டோபரிலேயே நிறுத்திவிட்டாள். செலவுதான் காரணம்.

"எப்படி?"

"மாரடைப்பு. வாசல்ல பனி தள்ளிக்கிட்டிருந்தாராம்." அவன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "நானும்தான் அவர் பேரைக் குடுத்திருந்தேன், காகித மில்லுக்கு. அவரைப் புதைச்ச மூணாம் நாள் அவங்க கூப்பிட்டிருக்காங்க. ஆள் உயிரோட இல்லைன்னு சொன்னாங்களாம். எனக்கும் வேலை இல்லைன்னுட்டாங்க." சிரிக்கப் பார்த்தான். "உனக்கு மட்டும் வந்து பேசறாரா? உன்மேல அவருக்குத் தனிப் பிரியம்தான்."

அவன் போன பிறகு லோரெட்டா தன் போனில் மோல்நாரின் எண்ணை எடுத்தாள். நின்றபடியே அழைத்தாள். ஐந்தாறு தடவை மணி அடித்தது. பிறகு, "மோல்நார். சுருக்கமாச் சொல்லுங்க," என்றது அவர் குரல். ஒரு சிறு சத்தம். பிறகு அமைதி. அவளுடைய வார்த்தைக்காக அந்த அமைதி காத்திருந்தது. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

பதிவு செய்த குரல்தான். ஜனவரிக்கு முன்னால் பதிந்தது. ஆனால் பதிவு செய்த குரல் இருபது நிமிடம் பேசாது. ஜூன் மாதம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை எடுத்துச் சொல்லாது.

மோல்நாரின் வீடு ஆற்றுக்குக் கிழக்கே, ஹங்கேரிக்காரர்களின் பழைய தெருவில். பாலத்தைக் கடக்கும்போது அவள் சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நிலவறையில் பழகியதுபோல, அரை நிமிடத்துக்குள். யாரோ அவர் பெயரில் பேசுகிறார்கள். அதை நிறுத்த வேண்டும். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன். வேறு ஒரு பெயரைக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் இங்கே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வேறு பெயர் இல்லை.

கதவைத் திறந்தவர் ஐரீன் மோல்நார். ஒல்லியான, எழுபதைத் தாண்டிய பெண். கழுத்தில் குறுக்காகப் பழைய தழும்பு. லோரெட்டா அவரைக் கிறிஸ்துமஸ் விருந்துகளில் தூரத்தில் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை.

"லோரெட்டாவா? உள்ள வாம்மா. குளிர் உள்ள வருது."

லோரெட்டா நகரவில்லை. அந்தக் குரல் கனத்து, கரகரத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ஆண் குரல்.

"எல்லாரும் இப்படித்தான் முழிப்பாங்க," என்றார் ஐரீன். "தொண்டையில ஆபரேஷன் பண்ணினாங்க. போதாக்குறைக்கு நாப்பது வருஷம் சிகரெட். பீட்சா கடைக்காரன் 'சரிங்க சார்'ங்கறான். திருத்தறதை விட்டுட்டேன்."

சமையலறையில் பன்றி எலும்பு போட்ட பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பின்கதவுக்குப் பக்கத்தில் ஆண்கள் அணியும் பூட்ஸ் ஒரு ஜோடி. மேசைமேல் ரொட்டி வாட்டும் மிஷினுக்குக் கொஞ்சம் தள்ளி, மடக்கி வைக்கும் பழைய போன் ஒன்று சார்ஜில் இருந்தது. லோரெட்டா அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை ஐரீன் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றாள் லோரெட்டா.

"உக்காரு."

இருவரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல நான் அப்படிச் செய்யலை," என்றார் ஐரீன். "புதைச்சிட்டு வந்த மூணாம் நாள் போன் வந்தது. காகித மில்லுலேருந்து. ஸ்டார்க்கியைப் பத்திக் கேட்டான். அவர் போயிட்டார்னு சொன்னேன். வருத்தம்னு சொல்லிட்டு வெச்சுட்டான். அந்தப் பையனுக்கு வேலை போச்சு. ஸ்டார்க்கியைப் பத்தி எனக்கு எவ்வளவு தெரியும். இத்தனை வருஷம் ராத்திரிச் சாப்பாட்டுல உங்களைப் பத்தித்தான் பேச்சு. யார் வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லை, யார் குடிக்கறான், யார் சரக்கை உடைச்சான். சொல்லியிருக்கலாமேன்னு தோணிச்சு. அடுத்த போன் வந்தப்ப எதிர்ல இருக்கறவன் 'மிஸ்டர் மோல்நார்'னு ஆரம்பிச்சான். நான் மறுக்கலை."

"எத்தனை பேருக்கு இப்படி?"

"நான் எண்ணலை. எல்லாருக்கும் கிடைச்சுது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை. "அவரை நம்பி உங்கள்ல எத்தனையோ பேர் இருந்தீங்க. ஏதோ பாக்கி தீர்க்கற மாதிரி இருந்தது."

"நேத்து என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"நேரத்துக்கு வருவான்னேன். எந்த வாசல்ல எந்த லாரின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்னேன். நாலாம் வாசல்ல உப்பு போட்டியாமே, அதைச் சொன்னேன். அவ்வளவுதான். ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும்."

"இருபது நிமிஷம்னு அந்தப் பொண்ணு சொன்னா."

ஐரீன் அடுப்பைப் பார்த்தார்.

"நேத்தும் சூப் அடிப்பிடிச்சுப் போச்சு," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"சில தடவை அப்படி ஆகுது. போனை எடுக்கும்போது எழுந்து நின்னுக்குவேன். அவர் அப்படித்தான் பேசுவார், ஜன்னலைப் பார்த்து நின்னுக்கிட்டு. அவர் மாதிரி ஆரம்பிப்பேன். ரெண்டு வார்த்தை பேசினது தெரியும். அப்புறம் பார்த்தா போனை மடக்கிக் கையில வெச்சிருப்பேன், சட்டி தீய்ஞ்சிருக்கும், சமையலறை பூராப் புகையா இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லலை. சொன்னா இந்தப் போனை வாங்கிட்டுப் போயிடுவாங்க, என் மகன் அப்படிப்பட்டவன்."

லோரெட்டா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"ஜூன் மாசம் ஒரு நாள் அவர் என்கிட்ட ஒண்ணு சொன்னார். கதவைச் சாத்திட்டு. அதைப் பத்தி உங்ககிட்ட சொன்னாரா?"

"என்ன சொன்னார்?"

லோரெட்டா கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்க மாட்டார்," என்றார் ஐரீன். "போன வருஷம் கோடைக்காலத்துலேருந்தே பேச்சு குறைஞ்சு போச்சு. செப்டம்பருக்கப்புறம் சுத்தமா இல்லை. இங்க வந்து உக்காருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். ஒரு நாள் 'நான் சொன்னதைக் கேட்டாங்க, ஐரீன்'னார். யாருன்னு கேட்டேன். அதுக்கு மேல வாயைத் திறக்கலை."

சூப்பின் மேல் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஐரீன் எழுந்து ஒரு தடவை கிளறிவிட்டு வந்தார்.

"நான் இதை நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள் லோரெட்டா.

"தெரியும். உன் முகத்தைப் பாத்தப்பவே தெரியும்."

"செத்துப்போனவர் பேரைக் குடுத்து வேலை வாங்கினேன்னு தெரிஞ்சா, சேர்ந்தப்புறம்கூட அனுப்பிடுவாங்க. இன்னிக்கு மத்தியானம் மறுபடி கூப்பிடுவா. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்காம்."

"என்ன கேள்வி?"

"மறுபடியும் என்னை வேலைக்கு எடுப்பீங்களான்னு."

ஐரீன் தன் கழுத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றபடி செய்யறேன்மா. அவர் போயிட்டார்னு சொல்லணும்னா சொல்றேன். ஸ்டார்க்கிக்கு அப்படித்தான் சொன்னேன். போனையே எடுக்காதேன்னா எடுக்கலை. ஆனா ஒண்ணு. எடுத்தா, நான் எதுவரைக்கும் பேசுவேன், அதுக்கப்புறம் என்ன பேச்சு வரும்னு என்னால சொல்ல முடியாது. உன்னைப் பத்தி அவர் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

கேட்டருகே நீண்டிருந்த கை லோரெட்டாவின் நினைவுக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையும் கட்டிலும் விளக்கும். இரண்டையும் அவளால் ஒன்றாகப் பார்க்க முடிந்தது.

"தெரியாது," என்றாள்.

போன் அடித்தது. மேசையில் அது மெதுவாக நகர்ந்து ரொட்டி மிஷினில் முட்டியது. முட்டி நின்று அடித்தது.

ஐரீன் அதைத் தொடவில்லை. லோரெட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோரெட்டா எழுந்தாள். அடுப்பருகே போய், சூப்புக்கு அடியில் எரிந்த தீயை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஐரீன் போனை எடுத்துத் திறந்தார். எழுந்து நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் ஒரு தடவை ஏறி இறங்கின, கோட்டுக்குள் சரியாகப் பொருந்திக்கொள்வதுபோல.

"மோல்நார். சுருக்கமாச் சொல்லுங்க."

ஜோஸ்லினின் குரல் சின்னதாகக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. சிரித்த சத்தம் மட்டும் தெரிந்தது.

"நேத்தே கேட்டிருக்கலாமே, பரவாயில்லை. நேரத்துக்கு வருவா, நம்பலாம், அதையெல்லாம் சொல்லிட்டேன் இல்லையா."

இது இன்னும் ஐரீன்தான். லோரெட்டாவுக்கு அது தெரிந்தது. சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற சிறுமியின் அவசரம் அதில் இருந்தது.

ஜோஸ்லின் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஐரீனின் இடது கை மெல்ல இறங்கித் தொடையருகே நின்றது. பிறகு அது பின்பக்கம் போய், இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடுவதுபோல ஒரு தடவை துழாவியது. மோல்நார் எதையாவது யோசிக்கும்போதெல்லாம் செய்வது. இருபத்திரண்டு வருடம் அந்தச் சாவிச் சத்தத்தை லோரெட்டா கேட்டிருக்கிறாள். ஐரீனின் கவுனில் சாவி எதுவும் இல்லை.

"எடுப்பேனாவா," என்றது குரல். அவசரம் போய்விட்டிருந்தது. "எடுப்பேன்மா. அதுல என்ன சந்தேகம். ஆனா என்கிட்ட வருவாளான்னு அவளைத்தான் கேக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"இல்லை, அவ மேல குறை இல்லை. அவ ஒரு லாரியைக்கூடத் தப்பா அனுப்பினதில்லை. தப்பா அனுப்பினது நான்தான். மேல கேட்டேன், மூட மாட்டோம்னாங்க. நம்பினேன். நம்பினதை என் சொல்லாச் சொன்னேன். அவ என் மூஞ்சியைப் பார்த்தா பாருங்க, அப்படி ஒருத்தர் இன்னொருத்தரை நம்பிப் பார்க்கக் கூடாது. எழுதிக்கங்க. எடுப்பேன்."

பேச்சு அதோடு நிற்கவில்லை. நாலாம் வாசலின் கதவு எந்த வருடம் கழன்றது, லோரெட்டாவின் கணவன் விட்டுப் போன வாரத்தில்கூட அவள் ஒரு நாளும் லீவு போடாதது, சாப்பாட்டு நேரத்தில் அவள் சாண்ட்விச்சின் ஓரத்தைக் கிள்ளிக் கடல்பறவைகளுக்குப் போட்டது. இதையெல்லாம் யாராவது கவனித்தார்கள் என்பது லோரெட்டாவுக்குத் தெரியாது. அவள் ஐரீனின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் ஐரீனின் முகம் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுக் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. முகம் தெரியவில்லை.

கடைசியில் போன் மடங்கும் சத்தம் கேட்டது.

லோரெட்டாவின் கோட்டுப் பையில் அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஜோஸ்லினின் பெயர். எழுந்து நின்று பேச வேண்டிய அழைப்பு. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வாள். அவ்வளவுதான். கிடைத்துவிட்டது.

"நன்றி, ஐரீன்," என்றாள்.

ஐரீன் திரும்பவில்லை.

"ஐரீன்?"

அதற்கும் திரும்பவில்லை. அந்தப் பெயர் அந்த அறையில் யாருக்கும் உரியதல்ல என்பதுபோல இருந்தது. லோரெட்டாவின் கையில் போன் அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. அவள் அதைப் பிடித்தபடி எழுந்தாள். நாற்காலி தரையில் உரசியது. அந்தச் சத்தத்துக்கு ஐரீன் மெதுவாகத் திரும்பினார். கண்கள் அவளுக்குப் பின்னால் எதையோ, தூரத்தில், வரிசையாக வருகிற எதையோ பார்த்தன. பிறகு அவளிடம் வந்து நின்றன. மேசைக்கு மேலாக வலது கை நீண்டது.

"ரொம்ப நேரம் அந்த கேட் பக்கத்துலயே நின்னேன், லோரி. அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் கீழ வெச்சிருக்கக் கூடாதா?"